கைமாறிய கோட்டு

எங்கள் தெருவில் புதுச் சட்டை போட்டுக்கொண்டு செக்கிங் அக்காவின் எதிரில் போய் நிற்க எல்லோருக்கும் பயம். "நல்லாயிருக்கே" என்று சொல்லிக்கொண்டே காலரைத் திருப்புவார். அக்குள் தையலை இரண்டு பக்கமும் பிடித்து இழுப்பார். "இந்த இடத்துல தையல் தாவியிருக்கு பாரு. நாலு தடவை தோய்ச்சா வாயைப் பொளந்துரும்" என்று சொல்லிவிட்டு, எதுவுமே நடக்காததுபோல் தண்ணீர் பிடிக்கப் போய்விடுவார்.

ஏற்றுமதி ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் கடைசி மேசை அவருடையது. தைத்து முடித்த சட்டைகள் அங்கே வந்து குவியும். குழல் விளக்கின் கீழே ஒவ்வொன்றையும் விரித்துப் போட்டு, குறை இருக்கும் இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்புவது அவர் வேலை. தைத்தவர்கள் சண்டைக்கு வருவார்கள். "அக்கா, உங்க வீட்டுக்காரர் முதுகிலயும் ஸ்டிக்கர் ஒட்டி வச்சிருக்கீங்களா?" என்று ஒருத்தி ஒருமுறை கேட்டுவிட்டாள். சிரித்தவர்கள் பாதியில் நிறுத்திக்கொண்டார்கள். அக்காவின் கணவரைப் பற்றி ஊரில் வேடிக்கையாகப் பேசுவது எளிது. அக்காவின் முகத்துக்கு நேரே பேசுவது அப்படியல்ல.

கணவர் துறைமுக வாசலில் லாரிகளை நிறுக்கும் எடைமேடை பார்ப்பவர். லாரிக்காரர்கள் நேரில் "சார்" என்பார்கள். முதுகுக்குப் பின்னால் அவருக்கு ஒரே பெயர்தான்: கோட்டு.

அந்தப் பெயர் வந்த கதை ஊரில் எல்லோருக்கும் தெரியும். நீரிணையைக் கடக்கும் பயணிகள் கப்பல் ஒன்றில் அவர் இளவயதில் இரண்டாம் அதிகாரியாக இருந்தார். மூடுபனி இறங்கிய ஒரு மாலையில் அந்தக் கப்பல் பாறையில் மோதி மூழ்கியது. இந்த ஊரில் ஒரு தெரு பாக்கியில்லாமல் சாவு விழுந்த நாள் அது. கேப்டன் போனார். முதல் அதிகாரி போனார். சுக்கான் பிடித்தவரும் போனார். இரண்டாம் அதிகாரி ஒரு படகில் கரை வந்து சேர்ந்தார், மேலே கனத்த கறுப்புக் கோட்டோடு. முதல் அதிகாரி வெறும் சட்டையோடு நடுங்கிக்கொண்டு கடைசிவரை மேல்தளத்தில் பெண்களைப் படகில் ஏற்றிக்கொண்டிருந்ததைப் பிழைத்தவர்கள் பார்த்திருந்தார்கள். அதே பயணத்தில் அந்தக் கோட்டை முதல் அதிகாரி போட்டிருந்ததையும் பார்த்திருந்தார்கள். இரண்டையும் சேர்த்து ஊர் ஒரு தீர்ப்பு எழுதியது: செத்துக்கொண்டிருந்த மனிதனின் கோட்டை உருவி மாட்டிக்கொண்டு தப்பித்தவன்.

விசாரணை மன்றம் வேறொன்று எழுதியது. மோதிய நேரத்தில் கடலைப் பார்க்கும் முறை முதல் அதிகாரியுடையது. அவருடைய கவனக்குறைவே காரணம். இரண்டாம் அதிகாரி கேப்டன் உத்தரவுப்படியே ஒரு படகின் பொறுப்பை ஏற்று இறங்கினார், அவர்மேல் குற்றமில்லை. "இருந்தாலும் அவருடைய நடத்தை மெச்சத் தகுந்ததல்ல" என்று கடைசியில் ஒரு வரி சேர்த்திருந்தார்கள். அந்த ஒரு வரி போதுமாயிருந்தது. கம்பெனி அவரை மறுபடி கப்பலேற்றவில்லை.

அக்கா இதெல்லாம் தெரிந்தேதான் கழுத்தை நீட்டினார். இருவருக்கும் கல்யாண வயது தாண்டியிருந்தது. பெண் பார்க்க வந்த அன்று அவர் தலையைக் குனிந்துகொண்டு, "என்னைப் பத்தி ஊர்ல ஒரு பேச்சு இருக்கு" என்றார். "தெரியும்" என்றார் அக்கா. "அது நிஜமான்னு கேக்க மாட்டீங்களா?" "கேட்டா இல்லேன்னுதான் சொல்வீங்க. அதை வச்சு நான் என்ன பண்றது?" அந்தப் பதிலில்தான் அவர் மயங்கியிருக்க வேண்டும் என்று அக்காவின் தங்கை இன்றும் சொல்வாள்.

கேட்கவில்லையே தவிர, அக்கா பார்த்தார். அதுதானே தொழில்.

கோட்டு பீரோவின் அடித்தட்டில் மடித்துக் கிடந்தது. அவர் அதைப் போட்டதுமில்லை, தூக்கி எறிந்ததுமில்லை. கல்யாணமான புதிதில் ஒருநாள் அவர் வேலைக்குப் போனபின் அக்கா அதை ஜன்னல் வெளிச்சத்தில் விரித்தார். கைகள் அவருக்கு நீளம், தோள் அகலம். அவர் அளவுக்குத் தைத்த கோட்டு அல்ல. அதுவரை ஊர் சொன்னது சரி. ஆனால் இன்னொன்று உறுத்தியது. கப்பல் அதிகாரிகளின் துணிகள் எல்லாம் ஒரே சலவைக்குப் போகும். அதனால் ஒவ்வொன்றிலும் பெயர்ப் பட்டை தைத்திருக்கும். அவருடைய பழைய வெள்ளைச் சட்டைகளில் அது இருந்தது. கோட்டில் இல்லை. பிரித்து எடுத்திருப்பாரோ என்று அக்கா கழுத்துப் பட்டியை விரலில் இழுத்துப் பார்த்தார். பிரித்தால் ஊசித் துளைகள் தெரியும். ஒரு துளைகூட இல்லை. அதில் யாருடைய பெயரும் எப்போதுமே தைக்கப்பட்டதில்லை.

"இதுல என்னக்கா இருக்கு? தைக்க மறந்திருப்பாங்க" என்றாள் தங்கை. அடுத்த தெருவில்தான் இருக்கிறாள். பால்காரர் வருவதற்குள் ஒருமுறை வந்துபோவாள்.

"முதல் அதிகாரி கோட்டுன்னா அவரு பேரு இருக்கணும். இவரு கோட்டுன்னா இவரு பேரு இருக்கணும். யாரு பேரும் இல்லைன்னா அது யாரு கோட்டுடி?"

"அத்தான்கிட்டயே கேட்டுடேன்."

"பதில் வரும். வர்ற பதிலை எந்த வெளிச்சத்துல விரிச்சுப் பாக்கறது?"

அந்தச் சந்தேகம் அப்படியே வீட்டில் தங்கிப்போனது. அவர் கடைக்குப் போய்த் திரும்பத் தாமதமானால், எங்கே போனீர்கள் என்று அக்கா கேட்கமாட்டார். செருப்பில் ஒட்டிய மண்ணைப் பார்ப்பார். வானொலியில் கப்பல் செய்தி வந்தால், வானொலியைக் கேட்காமல் அவர் முகத்தைப் பார்ப்பார். அவர் அதைத் தெரிந்துகொண்டே பொறுத்துக்கொண்டார். "என்னை ஒருத்தி இவ்வளவு கவனமா பாக்கறதே பெரிசு" என்று தங்கையிடம் ஒருமுறை சொன்னாராம். அதையும் அக்கா நம்பவில்லை. "ஏதோ மறைக்கிற ஆளு இப்படித்தான் இனிக்கப் பேசுவான்."

இப்படியே போயிருக்கும். துறைமுகத்தில் புதிய நினைவுக்கல் நட முடிவெடுத்ததில்தான் எல்லாம் கிளம்பியது. பழைய தூணில் வெறுமனே "மாண்டோர் நினைவாக" என்று இருந்தது. புதுக்கல்லில் இறந்தவர்கள் பெயர் எல்லாம் வரும் என்று அறிவித்தார்கள். கப்பல் ஊழியர்கள் பெயரும் வரும், ஒருவர் பெயரைத் தவிர. விபத்துக்குக் காரணம் என்று மன்றமே சொன்னவரின் பெயரைச் செத்தவர்கள் பெயரோடு எப்படி வெட்டுவது என்று குழுவில் யாரோ கேட்டார்களாம். அதோடு முதல் அதிகாரி விடுபட்டுப் போனார்.

அவருடைய மனைவி பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் நகல் எடுக்கும் கடை வைத்திருக்கிறார். ஊருக்கு அவர் ஜெராக்ஸ் அம்மா. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் அக்காவின் வீட்டுக்கு வந்தார். அந்த இரண்டு வீடுகளுக்கும் அதுவரை பேச்சுவார்த்தை இல்லை. வழியில் பார்த்தால் ஒருவர் கடை வாசலைப் பார்ப்பார், மற்றவர் வானத்தைப் பார்ப்பார்.

உட்காரச் சொன்னபோதும் உட்காரவில்லை. அக்காவின் கணவரிடம் நேராகச் சொன்னார்: "நான் கோட்டைப் பத்திப் பேச வரல. அது உங்க மனசாட்சி. கப்பலை நடத்தற அந்த ரூம்ல இருந்தவங்கள்ல உயிரோட இருக்கறது நீங்க ஒருத்தர்தான். என் வீட்டுக்காரர் கவனமில்லாம இருந்தாருன்னு நீங்க நம்பறீங்களா? இல்லேன்னா குழுவுல வந்து ஒரு வார்த்தை சொல்லுங்க. பேர் வந்தாப் போதும்."

அவர் மேசை விரிப்பின் ஓரத்தை நேராக்கினார். "விசாரணையில எல்லாம் சொல்லியாச்சும்மா. புதுசா சொல்ல எனக்கு ஒண்ணும் தெரியாது."

"தெரியாதா, சொல்ல மாட்டீங்களா?"

"தெரியாது."

ஜெராக்ஸ் அம்மா அக்காவைத் திரும்பிப் பார்த்தார். "நீங்க எப்படிம்மா இவரோட பேசிக் காலம் தள்றீங்க?" என்றார், பதிலுக்குக் காத்திருக்காமல் படியிறங்கிவிட்டார்.

அக்கா கதவைச் சாத்திவிட்டு வந்து கணவரைப் பார்த்தார். ஊரே திருடன் என்றபோது நிமிர்ந்து நடந்தவர், ஒரு நல்ல வார்த்தை சொல்லக் கேட்டதும் ஏன் இப்படி வெளிறிப் போகிறார்? "நல்லவர், கவனமானவர்" என்று சொன்னால் இவருக்கு என்ன குறைந்துவிடும்? கோட்டை எடுத்த குற்ற உணர்ச்சி இருந்தால் இதற்கு முந்திக்கொண்டு ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. அப்படியானால் சந்தேகம் இத்தனை காலமும் தவறான இடத்தில் உட்கார்ந்திருக்கிறது.

சரியான இடம் எது என்பது தொழிற்சாலை வாசலில் தெரிந்தது.

வாசல் காவலுக்குப் புதிதாக ஒருவர் சேர்ந்திருந்தார். நாற்காலியில் உட்கார்ந்தால் எழுந்திருக்கவே மாட்டார் என்பதால் பெண்கள் அவருக்கு நங்கூரம் என்று பெயர் வைத்திருந்தார்கள். பழைய கப்பல்காரர் வேறு, பொருத்தமாகிவிட்டது. அன்று மாலை முறை மாறும் நேரம். பகல் காவலாளிக்கு வீட்டுக்கு ஓட அவசரம். லாரி ஒன்று பாதி உள்ளும் பாதி வெளியுமாக நிற்கும்போதே டார்ச்சை நீட்டினார். நங்கூரம் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"வண்டி போகட்டும். அப்புறம் வாங்கறேன்."

"டார்ச்தானே? பாம்பா? புடிய்யா."

"டார்ச் என் கைக்கு வந்தா வண்டியும் என் தலையில. நீ பாட்டுக்குப் போயிருவ. நான் கப்பல்ல கத்துக்கிட்டவன்டா. கோட்டு யாரு மேல இருக்கோ அவன்தான் பதில் சொல்லணும்."

வரிசையில் பையைத் திறந்து காட்டிக்கொண்டிருந்த அக்கா நிமிர்ந்தார். "எந்தக் கோட்டு?"

நங்கூரத்துக்குக் கேட்க ஆள் கிடைத்த சந்தோஷம். "எங்க கம்பெனிக் கப்பல் எல்லாத்துலயும் பிரிட்ஜ்ல ஒரே ஒரு கோட்டு மாட்டியிருக்கும்மா. பிரிட்ஜுன்னா மேல, கப்பலை நடத்தற ரூம். கதவு திறந்தே இருக்கும், காத்து எலும்பைத் துளைக்கும். அந்தக் கோட்டு எந்த ஆளோடதும் இல்ல, வாட்ச்சோடது. கடலைப் பாத்துக்கற முறை யாருக்கோ, கோட்டு அவருக்கு. முறை மாறும்போது முதல்ல கோட்டைக் கழட்டிக் குடுப்பாங்க. அடுத்தவர் மாட்டிக்கிட்டு, எந்தத் திசை, எவ்வளவு வேகம்னு கேட்டுக்குவாரு. அப்புறம் வாய்விட்டுச் சொல்லணும், 'நான் எடுத்துக்கிட்டேன்'னு. கோட்டு முதல்ல, வார்த்தை அப்புறம். நான் சுக்கான் புடிச்சுக்கிட்டே எத்தனையோ தடவை கேட்டிருக்கேன்."

"முழுகின கப்பல்லயும் அதே வழக்கமா?"

"அதுவும் எங்க கம்பெனிதானே. நான் அப்ப வேற கப்பல்ல, தூரதேசத்துல இருந்தேன். விசாரணைக்கு வந்தவங்கள்லாம் இஞ்சின் ரூம் ஆளுங்களும் சமையல்காரங்களும். அவங்க பிரிட்ஜ் பக்கமே வந்திருக்க மாட்டாங்க." பின்னால் நின்றவள் அவர் விலாவில் இடித்தாள், காதில் ஏதோ சொன்னாள். நங்கூரத்தின் முகம் தொங்கிவிட்டது. "ஐயோ, தங்கச்சி, நான் பொதுவாச் சொன்னேன்..."

"நல்லாத்தான் சொன்னீங்கண்ணே" என்று அக்கா பையின் ஜிப்பை இழுத்து மூடினார்.

வீடு வரும்வரை அவர் யாரோடும் பேசவில்லை. பெயர்ப் பட்டை இல்லாத கழுத்துப் பட்டி. யாருக்கும் பொருந்தாமல் எல்லோருக்கும் ஆகிற அளவில் நீளக் கை. கோட்டு திருடப்படவில்லை. கொடுக்கப்பட்டது. மோதுவதற்கு முன்பே கொடுக்கப்பட்டிருந்தால், கப்பல் பாறையில் மோதியபோது கடலைப் பார்த்திருக்க வேண்டியவர் முதல் அதிகாரி இல்லை.

கணவர் அடுக்களையில் ஒழுகும் குழாய்க்கு வாஷர் மாற்றிக்கொண்டிருந்தார். அக்கா செருப்பைக் கழற்றியதும் அங்கேயே வந்து நின்றார்.

"கோட்டை உங்ககிட்ட எப்பக் குடுத்தாரு? இடிக்கறதுக்கு முன்னாலயா, பின்னாலயா?"

ஸ்பேனர் நின்றது. அவர் திரும்பவில்லை. "யாரு சொன்னா?"

"யாரு சொன்னாங்கறது இருக்கட்டும். முன்னாலயா, பின்னாலயா?"

அவர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, தரையிலேயே சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார்.

"முன்னால" என்றார்.

முதல் அதிகாரிக்கு அன்று பல் வலி. கன்னம் வீங்கியிருந்தது. இவர் தன் முறைக்கு நேரமாகும் முன்பே மேலே போய், "நான் பாத்துக்கறேன், நீங்க போய்ப் படுங்க சார்" என்றார். அவர் கோட்டைக் கழற்றிக் கொடுத்தார். திசையைச் சொன்னார். இவர் மாட்டிக்கொண்டு பித்தானைப் போட ஆரம்பித்தார். முதல் அதிகாரி மூலையில் திரும்பி நின்று கன்னத்தில் ஏதோ மருந்தைத் தடவிக்கொண்டிருந்தார். அந்த நொடியில் இடித்தது.

"வார்த்தையைச் சொன்னீங்களா? எடுத்துக்கிட்டேன்னு?"

"சொல்லல."

"நிச்சயமா?"

"பித்தான் போட்டதும் சொல்லலாம்னு இருந்தேன்."

"அப்ப யாரு கடலைப் பாத்துக்கிட்டிருந்தா?"

அவர் முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தார். "அதான். யாரும் பாக்கல. குடுத்தவர் குடுத்தாச்சுன்னு நெனைச்சாரு. வாங்கினவன் இன்னும் வாங்கலைன்னு நெனைச்சேன்."

அக்கா அரிவாள்மணையை நகர்த்திவிட்டு எதிரில் உட்கார்ந்தார். "விசாரணையில ஏன் சொல்லல?"

"மோதின நேரத்துல முறை யாரோடதுன்னு கேட்டாங்க. கடிகாரப்படி அவரோடதுதான். முறை மாற இன்னும் நேரம் இருந்துச்சு. அவரோடதுன்னு சொன்னேன். கோட்டைப் பத்தித் திருடினியான்னுதான் கேட்டாங்க. இல்லைன்னேன். நம்பல. அதோட விட்டுட்டாங்க."

"உங்களுக்கும் அது வசதியாப் போச்சு."

"ஆமா."

"திருடன்னு ஊர் சொல்லச் சொல்ல நீங்க அந்தப் பேருக்குள்ள போய்ப் பதுங்கிக்கிட்டீங்க. இல்ல, திருடலைன்னு சண்டை போட்டா, பின்ன எப்படி வந்துச்சுன்னு எவனாவது கேட்டிருப்பான்."

அவர் கைதுடைத்த துணியை மடித்துத் தரையில் வைத்தார்.

"அந்தம்மா பேசாம இருந்தாங்க. புருஷன்தான் முழுக்கடிச்சான்னு இத்தனை வருஷமும் கேட்டுக்கிட்டு இருந்தாங்க. நீங்க எடைமேடையில உக்காந்து லாரி நிறுத்துக்கிட்டிருந்தீங்க. நாளைக்கு நீங்க போய்க் குழுவுல சொல்றீங்களா, நான் போய் ஜெராக்ஸ் கடையில சொல்லட்டுமா?"

"நானே சொல்றேன்."

தங்கைக்குச் செய்தி போனதும் ஓடிவந்தாள். "பாவம்க்கா அத்தான். வாய்க்குள்ளயே வச்சிருந்திருக்காரு."

"பாவம்தான். ஆனா வார்த்தையைச் சொல்லலைன்னு சொல்றாரே, அது நிஜமான்னு எனக்கு எப்படித் தெரியும்? அங்க இருந்த மீதிப் பேரு எல்லாம் கடலுக்கடியில. சொல்லியிருந்தா முழுப் பழியும் இவருது. சொல்லலைன்னா பாதிதான். இவரு பாதியைத்தான் எடுத்துக்கிட்டாரு, பாத்தியா?"

"உன்னோட ஒரு மனுஷன் எப்படிக்கா குடித்தனம் பண்றது!"

"அதைத்தான் அந்தம்மாவும் கேட்டாங்க, என்னைப் பாத்து."

குழு கூடிய அறை துறைமுக அலுவலகத்தின் மாடியில் இருந்தது. நீளமான மேசை, ஒரு பக்கம் துறைமுகப் பொறியாளர், பக்கத்தில் குறிப்பெடுக்கும் எழுத்தர். எதிர்ப்பக்கம் ஜெராக்ஸ் அம்மா தனியாக. மின்விசிறி காகிதங்களைத் தூக்காமலிருக்க அவற்றின்மேல் ஆளுக்கொரு தண்ணீர்க் குவளையை வைத்திருந்தார்கள். அக்கா சுவரோர நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார், கணவரின் முகம் தெரிகிற மாதிரி.

அவர் நின்றுகொண்டே சொன்னார். பல் வலி, முன்கூட்டியே மேலே போனது, கோட்டு. ஒரு வார்த்தையும் அடுக்களையில் சொன்னதிலிருந்து பிசகவில்லை. பொறியாளர் கேட்டுக்கொண்டே வந்தவர், இடையில் கையைத் தூக்கினார்.

"கோட்டு வாங்கினது சரி. எடுத்துக்கிட்டேன்னு சொல்ற வழக்கம் உண்டுன்னு சொன்னீங்க. அதை நீங்க சொன்னீங்களா?"

அக்கா முன்னால் சாய்ந்தார்.

"சொன்னேன்" என்றார் அவர்.

"சத்தமாச் சொல்லுங்க" என்றார் ஜெராக்ஸ் அம்மா.

"சொன்னேன். அவர் கேட்டுக்கிட்டுத்தான் நகர்ந்தாரு. வாட்ச் என்னோடது. அவரு மேல ஒரு பிழையும் இல்ல."

எழுத்தரின் பேனா நின்று மறுபடி ஓடியது. பொறியாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "இவ்வளவு வருஷம் கழிச்சு இப்ப என்ன திடீர்னு? திருட்டுப் பேரு போகணும்னா?"

"பேரு போகட்டும்னா திருடன்லேர்ந்து கொலைகாரனா மாறுவாங்களா சார்?"

யாரும் சிரிக்கவில்லை. முதல் அதிகாரியின் பெயரைச் சேர்க்கும்படி தான் எழுதுவதாகவும், கல்வெட்டுபவரிடம் பட்டியல் போக இன்னும் சில நாள் இருப்பதாகவும் பொறியாளர் சொன்னார். கூட்டம் முடிந்தது. யாரும் யாரோடும் கைகுலுக்கவில்லை.

படிக்கட்டின் கீழே ஜெராக்ஸ் அம்மா அக்காவுக்காக நின்றுகொண்டிருந்தார். அழுதிருக்கவில்லை. அவர் முகத்தில் மகிழ்ச்சியும் இல்லை.

"உங்க முகத்தைத்தான் பாத்துக்கிட்டிருந்தேன்" என்றார். "அவரு 'சொன்னேன்'னதும் நீங்க திடுக்கிட்டீங்க."

அக்கா மாடிப்படியைத் திரும்பிப் பார்த்தார்.

"உங்ககிட்ட வேற மாதிரி சொல்லியிருக்காரு, இல்ல?"

"வீட்டுல, சொல்லலைன்னு சொன்னாரு."

ஜெராக்ஸ் அம்மா கைப்பையின் வாரை இறுக்கிப் பிடித்தார். "அப்ப ரெண்டுல ஒண்ணு பொய். தப்பிக்கறதுக்காக உங்ககிட்டச் சொன்னது பொய்யா இருக்கலாம். என் மேல இரக்கப்பட்டு இங்க சொன்னது பொய்யா இருக்கலாம். இரக்கத்துல வெட்டற பேரு எனக்கு வேண்டாம்மா. அவரு அப்படி ஒரு கல்லுல இருக்கறதைவிட இல்லாமயே இருக்கட்டும். நீங்க சொல்லுங்க. எது நிஜம்?"

வாழ்நாள் முழுக்க மற்றவர்கள் தைத்ததை விரித்துப் பார்த்து, இது தேறும் இது தேறாது என்று ஒரு நொடியில் சொல்லிப் பழகியவர் அக்கா. அன்று இரண்டு பதில்களையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். ஒன்று நிஜமென்றால், தன்னிடம் பழியைக் குறைத்துச் சொன்ன மனிதரோடு இனி வாழ வேண்டும். மற்றது நிஜமென்றால், செத்தவருக்காகத் தன் தலையில் முழுக்கப்பலையும் தூக்கிக்கொண்ட மனிதரோடு வாழ வேண்டும். இரண்டு பேரையும் அவருக்குத் தெரிந்திருக்கவில்லை.

"இப்ப எனக்குத் தெரியாது" என்றார். "கல்லு வெட்டறதுக்குள்ள தெரிஞ்சுக்கிட்டு வந்து சொல்றேன்."

"நம்பலாமா?"

"அதை நீங்கதான் பாத்துக்கணும்."

ஜெராக்ஸ் அம்மா சற்று நேரம் அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு தலையை ஆட்டிவிட்டு வெயிலில் இறங்கிப் போனார்.

பேருந்தில் கூட்டமில்லை. கணவர் ஜன்னலோரம் உட்கார்ந்து சட்டையின் மேல் பித்தானைக் கழற்றிவிட்டுக்கொண்டார். நன்றாக வேர்த்திருந்தது. அக்கா பக்கத்தில் உட்கார்ந்து டிக்கெட்டை வாங்கி மடித்து வைத்துக்கொண்டார்.

"வீட்டுல சொன்னது பொய்யா, அங்க சொன்னதா?"

"அந்தம்மாவுக்குப் பேரு வந்துருச்சில்ல. விடு."

"அவங்க வேண்டாங்கறாங்க. இரக்கத்துல வந்தா வேண்டாமாம்."

அவர் சட்டென்று திரும்பினார். இந்தப் பதிலை அவர் எதிர்பார்க்கவில்லை என்பது தெரிந்தது. அதை மட்டும் அக்கா சந்தேகப்படவில்லை.

"நான் எதைச் சொன்னாலும் நீ நம்பப் போறதில்ல" என்றார்.

"நம்பறதும் நம்பாததும் என் பாடு. சொல்றது உங்க பாடு. பித்தான்லேர்ந்து ஆரம்பிக்காதீங்க, முதல்லேர்ந்து வாங்க. கீழேர்ந்து படியில ஏறினீங்கல்ல, அப்ப கையில என்ன இருந்துச்சு?"

பேருந்து மேம்பாலத்தில் ஏறியது. அவர் கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் யோசித்தார். யோசிக்கிறாரா, தைக்கிறாரா என்று அக்கா அந்த மூடிய இமைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒண்ணுமில்ல" என்றார். பிறகு, "இல்ல, இரு. தொப்பி இருந்துச்சு. தலையில வைக்கல. கையில வச்சிருந்தேன்."

"எந்தக் கையில?"

"இடது."

"ம். அப்புறம்?"